மருமகனே, குளிக்கப் போறியா, குடியிருக்கப் போறியா?

மருமகனே, நீ வாட்ஸப்புல அனுப்புன பிளானைப் பாத்தேன். மூணு பெட்ரூம் உள்ள பிளாட்டுல சின்ன ரூமை இடிச்சு, ஒட்டி இருக்கிற பாத்ரூமோட சேத்து, உள்ள தொட்டி, கண்ணாடித் தடுப்பு, ரெண்டு வாஷ்பேசின் எல்லாம் வைக்கப் போறியாக்கும். "மாமா, நீங்க கரண்டி பிடிச்ச ஆளு, ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கே. நான் என்னைக்குய்யா ஒரு வார்த்தையோட நிறுத்தியிருக்கேன்?

மொதல்ல ஒன்னைப் பாராட்டணும். நம்ம வம்சத்துல குளிக்கிறதுக்குன்னே ஒரு ரூமை எழுதி வைக்கிற மொத ஆளு நீதான். உங்க தாத்தா குளிச்சது கம்மாயில. அதுக்குச் செவுரும் கெடையாது, கதவும் கெடையாது. எருமையும் அவரும் ஒண்ணாத்தான் எறங்குவாக. கரையேறும்போது யாரு சுத்தம்னு கேட்டா எருமைக்குத்தான் கோவம் வரும். காலைக்கடனுக்கு ஒடங்காடு முழுசும் அவரு பேருக்குப் பட்டா போட்டது கணக்கா கெடந்துச்சு. அதை வச்சுப் பாத்தா நீ பாத்ரூமைப் பெருசாக்கவே இல்ல. ஏக்கர்க் கணக்குல இருந்த பூர்வீகச் சொத்தைச் சதுர அடிக்குச் சுருக்கிக்கிட்டிருக்கே.

இந்தக் கேலி எல்லாம் ஆம்பளைகளுக்குத்தான் பொருந்தும். எங்கக்கா, அதான் ஒன்னப் பெத்தவ, பொழுது எப்ப அடையும்னு காத்துக் கெடந்து, பாம்புக்கும் பூச்சிக்கும் பயந்துக்கிட்டு ஒடங்காட்டுக்குப் போய் வந்த கதையை அவகிட்டயே கேட்டுக்கோ. 2011-ல எடுத்த மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டுல நூறு வீட்டுக்கு 48 வீட்டுலதான் கக்கூஸ் இருந்துச்சு. பொறவு 2014-ல தூய்மை இந்தியான்னு ஒரு திட்டம் கொண்டாந்து, கிராமத்துல கக்கூஸ் கட்டுறவுகளுக்கு 12,000 ரூவா குடுத்தாக. நீ அனுப்புன போட்டோவுல தலைக்கு மேல அகலமா ஒண்ணு தொங்குதே, மழை ஷவராம்ல, அதோட வெலை என்னன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா எனக்குத்தான் மயக்கம் வரும்.

சரி, கணக்குக்கு வருவோம். இப்ப இருக்கிற பாத்ரூம் அஞ்சுக்கு ஏழு, 35 சதுர அடி. இடிக்கப் போற ரூம் பத்துக்குப் பதினொண்ணு, 110 சதுர அடி. ரெண்டையும் கூட்டுனா 145. எஞ்சினீயருக பின்னாடியே சுத்துன காலத்துல எனக்குக் காதுல விழுந்த கணக்கு ஒண்ணு உண்டு. தேசியக் கட்டட விதித் தொகுப்புன்னு ஒரு புஸ்தகம். அதுல கக்கூஸும் குளிக்கிற எடமும் சேந்த பாத்ரூமுக்குக் கொறஞ்சது 2.8 சதுர மீட்டர் வேணும்னு போட்டிருக்கு. நம்ம கணக்குல 30 சதுர அடி. குடியிருக்கிறதுக்கு ஒத்த ரூம்தான் உள்ள வீடுன்னா அந்த ரூம் 9.5 சதுர மீட்டர் இருக்கணும். அது 102 சதுர அடி. ஆகமொத்தம் நீ கட்டப் போற பாத்ரூமுக்குள்ள ஒரு குடும்பத்தைக் குடிவச்சு, அவுகளுக்குத் தனியா ஒரு பாத்ரூமும் கட்டிக் குடுத்துரலாம். அதுக்கு மேலயும் பத்துப் பதிமூணு சதுர அடி மிச்சம் நிக்கும், ஒனக்குத் துண்டு காயப்போட.

அப்படி உள்ள போயி என்னதான் செய்யப் போறே? நீ குளிக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா? வாளி நெறையுற நேரம்கூட ஆகாது. மத்த நேரமெல்லாம் போனை வச்சுக்கிட்டுக் கோப்பை மேல உக்காந்திருக்கே. அதுக்கு ரெண்டடி அகலம் போதும். படுக்குறதுக்குத்தான் மனுசனுக்கு ஏழெட்டு மணி நேரம் வேணும். அரைமணி நேரத்துச் சோலிக்காக எட்டு மணி நேரத்து எடத்தை இடிக்கிறது என்ன கணக்கோ?

ஒன் வீட்டுக்காரியையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ. 35 சதுர அடியைத் தேய்க்கிறதுக்கே அந்தப் புள்ள இடுப்பைப் பிடிக்குது. ஒங்க ஏரியாவுல போர்த்தண்ணி உப்பு. கண்ணாடித் தடுப்பு மாட்டுன மறுமாசமே வெள்ளை வெள்ளையாப் பூத்துரும். ஒவ்வொரு தடவை குளிச்சு முடிச்சதும் வைப்பரை வச்சு இழுத்துவிடணும். அதை நீ செய்வேன்னு இருபது ரூவா பத்திரத்துல எழுதிக் குடு, நான் இப்பவே எந்திரிச்சுப் போயிருதேன்.

இனிமே நான் கொத்தனாராப் பேசுறேன், காதைக் குடுத்துக் கேளு.

பிளாட்டுல பாத்ரூம் வர்ற எடத்துல மட்டும் தளத்தை ஒரு அடி வாக்குல தாழ்த்திப் போட்டிருப்பாங்க. சங்கன் ஸ்லாப்னு பேரு. குழாய், ட்ராப் எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள்ள ஒளிஞ்சு கெடக்கும். பெட்ரூமுக்கு அடியில அந்தப் பள்ளம் கெடையாது. அங்க கோப்பையைக் கொண்டு வச்சா நாலு இஞ்ச் குழாய் எங்க போகும்? கழிவு ஓடணும்னா நாப்பதுக்கு ஒண்ணாவது வாட்டம் வேணும். பத்தடி தள்ளி வச்சா மூணு இஞ்ச் எறக்கம். குழாய்க் கனம், எறக்கம், மேல கான்கிரீட்டு, டைல்ஸ் எல்லாம் சேத்தா முக்கா அடிக்குத் தரையை ஒசத்தணும். பாத்ரூமுக்குள்ளயே ரெண்டு படி ஏறிப் போறது, ராத்திரி ரெண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்துல, ஈரத்தரையில. நெனச்சுப் பாரு.

தளத்துல ஓட்டையைப் போட்டுக் குழாயைக் கீழ எறக்கிரலாம்னு எவனாவது ஒரு பிளம்பர் சொல்லுவான். சொல்றவன் சாயங்காலம் கூலியை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிருவான். ஒனக்குக் கீழ்வீட்டுல அந்த எடத்துல இருக்கிறதும் பெட்ரூம்தான். கீழ்வீட்டுக்காரரு மல்லாக்கப் படுத்துக் கண்ணைத் தொறந்தா ஒன் கக்கூஸ் குழாய் தெரியும். ஒரு சொட்டு அவரு நெத்தியில விழுந்தாப் போதும், அசோசியேஷன் கூட்டத்துல பொங்கல் விழாவைப் பத்திப் பேச வந்தவுக எல்லாம் ஒன் பாத்ரூமைப் பத்தித்தான் பேசுவாக.

தண்ணி கசியாமக் கட்டுறது சின்ன வேலைன்னு நெனைக்காத. பேத்தி அவளோட சரித்திரப் புஸ்தகத்துல மொகஞ்சதாரோப் பெருங்குளத்தைப் பத்திப் படிச்சுக் காமிச்சா. நாலாயிரம் வருசத்துக்கு முந்துனது. 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். செங்கலை நெருக்கி அடுக்கி, ஜிப்சம் சாந்து பூசி, கசியாம இருக்கத் தாரும் தடவியிருக்கானாம். அந்தக் காலத்துக் கொத்தனாருக்கு இருந்த பயம் இந்தக் காலத்துல குறையலாமா? தரையில மட்டும் மருந்து பூசினா பத்தாது, செவுத்துலயும் ஏத்திப் பூசணும். பூசி முடிச்சதும் தண்ணியைத் தேக்கி ரெண்டு நாள் விட்டுவச்சு, கீழ்வீட்டுக்குப் போயி அண்ணாந்து பாக்கணும். அதுக்கு அப்புறம்தான் டைல்ஸ் பெட்டியவே தொறக்கணும்.

தொட்டியை மறந்துட்டேன் பாரு. வீட்டுத் தளத்துக்கு மேல வர்ற பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோன்னு வச்சுத்தான் கணக்குப் போடுவாங்க. ஒன் தொட்டி பிடிக்கிற எடம் ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல. அதுக்குள்ள 200 லிட்டர் தண்ணின்னா 200 கிலோ. தொட்டியோட எடை தனி. அப்புறம் நீ எறங்குவே. ஒன் எடையை நான் சபையில சொல்ல மாட்டேன், கலியாண வீட்டுல ஒன் எலையைப் பாத்தவுகளுக்குத் தெரியும். தளம் ஒடனே இடிஞ்சு விழுந்துரும்னு சொல்லல. கட்டட எஞ்சினீயரு ஒருத்தரு வந்து பாத்துக் கையெழுத்துப் போடாமத் தொட்டியை மாடி ஏத்தாதன்னுதான் சொல்றேன்.

தொட்டியை ரொப்பத் தண்ணிக்கு எங்க போவே? நகரத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு அரசாங்கம் அளவு வச்சிருக்கு. குடிக்க, சமைக்க, துவைக்க, கழுவ எல்லாம் அதுக்குள்ள. நீ ஒருத்தன் ஒருக்க ஊறி எந்திரிச்சா ஒன்றரை ஆளுப் பங்கு சாக்கடைக்குப் போயிருது. 2019-ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிக நாலும் வத்திப் போயி, ஜோலார்பேட்டையில இருந்து ரயிலு மூலமா ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணி கொண்டாந்தாகளே, அப்ப நீ எனக்குப் போன் பண்ணி, "மாமா, ஊருக்கு வந்து நாலு நாள் குளிச்சுட்டுப் போறேன்"னு சொன்னது எனக்கு மறக்கல. தொட்டியைக் கட்டிட்டா அடுத்த பஞ்சத்துல அது துணி ஊறவைக்கவும் ஒதவாது. அரிசி மூட்டை வேணா அடுக்கலாம்.

விக்கிற பேச்சையும் பேசிருவோம். நாளைக்கே நீ இந்த வீட்டை விக்கணும்னா, புரோக்கர் விளம்பரத்துல மொத வார்த்தையே மூணு பெட்ரூமா, ரெண்டு பெட்ரூமாங்கிறதுதான். வாங்க வர்றவன் ரூமை எண்ணுவான், பாத்ரூமுக்குள்ள தலையை விட்டு எட்டிப் பாத்துட்டு வந்துருவான். அவன் கண்ணுக்கு ஒன் வீடு ரெண்டு பெட்ரூம்தான். நீ லட்சக்கணக்குல செலவழிச்சு வீட்டோட மதிப்பைக் கொறைச்சிருப்பே. மூணு பெட்ரூமுக்கும் சேத்து ஒத்த பாத்ரூம்தான் இருக்குன்னா நானே கடப்பாறையை எடுத்துக் குடுத்திருப்பேன். காலையில எல்லாரும் கதவைத் தட்டிக்கிட்டு நிக்கிற கொடுமை எனக்கும் தெரியும். ஒனக்குத்தான் ரெண்டு இருக்கே! 2020-ல கொரோனா வந்தப்ப, தனியாப் படுக்க வைக்கவும், நீ லேப்டாப்பைத் தொறந்து வச்சு ஆபீஸ் நடத்தவும் ஒதவுனது இந்தச் சின்ன ரூம்தான்.

இவ்வளவையும் கேட்டுட்டு, "மாமன் பழைய காலத்து ஆளு, பெரிய பாத்ரூமே வேண்டாங்கிறாரு"ன்னு நெனச்சிராத. பெருசாக்க ஒரே ஒரு நல்ல காரணம் இருக்கு, அதை நீ பிளான்ல எழுதவே இல்ல. எங்கக்காவுக்கு முழங்கால் போயிருச்சு. இப்ப இருக்கிற பாத்ரூமுக்குள்ள அவளும், பிடிச்சுக்கிட்டு ஒருத்தரும் நிக்க எடம் பத்தல. கதவு வேற உள்பக்கமாத் தொறக்குது. உள்ள ஒருத்தரு விழுந்துட்டா கதவைத் தள்ளவும் முடியாது. நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தா அது திரும்ப அஞ்சடி வட்டம் வேணும். அதுக்கு ஒரு ரூமை முழுசா முழுங்க வேண்டியதில்ல, ரெண்டடியைத் திருடுனாப் போதும்.

எப்படின்னு சொல்றேன். பாத்ரூமுக்கும் சின்ன ரூமுக்கும் நடுவுல இருக்கிற ஏழடிச் செவுரு பாரம் தாங்காத நாலரை இஞ்ச் செவுருதானான்னு எஞ்சினீயரை விட்டுப் பாக்கச் சொல்லு. ஆமான்னா அதை மட்டும் எடுத்துட்டு, ரெண்டடி தள்ளி லேசான ஏ.ஏ.சி. பிளாக்குல எழுப்பு. பாத்ரூம் ஏழுக்கு ஏழு ஆயிரும். கோப்பையும் ஷவரும் பழைய பள்ளத்து மேலயே இருக்கட்டும், புதுசா வந்த ரெண்டடி காய்ஞ்ச எடமா, நாற்காலி திரும்ப ஒதவுற எடமா இருக்கட்டும். கதவை வெளிப்பக்கமாத் தொறக்கிற மாதிரி அகலமா மாட்டு. கோப்பைக்குப் பக்கத்துலயும் ஷவருக்குக் கீழயும் பிடிச்சுக்கக் கம்பி வையி. வழுக்காத டைல்ஸ் போடு. ஷோரூம்ல மொகம் தெரியிற மாதிரி மினுக்குறதைக் காட்டுவான், வாங்கிராத. பெட்ரூம்ல 14 சதுர அடிதான் போகும். மிச்சம் 96 நிக்கும். அந்தச் செவுரு ஓரத்துல மிஞ்சுற மூணடி மூலையில ஒரு பீரோவும் வைக்கலாம்.

"மாமா, இவ்வளவு பேசுறீகளே, ஒங்களுக்கு என்ன இதுல?"ன்னு ஒன் வீட்டுக்காரி சிரிப்பா. கெட்டிக்காரப் புள்ள அது, கண்டுபிடிச்சிருக்கும். தை மாசம் ஊருல இருந்து குதிரைவாலி மூட்டையோட நான் வந்தா எங்க படுக்கேன்? அந்தச் சின்ன ரூம்லதான். நீ அதை இடிச்சுட்டா எனக்குத் தொட்டிக்குள்ள பாய் விரிப்பியா? நடுராத்திரியில எவனாவது தூக்கக் கலக்கத்துல குழாயைத் தொறந்தா என் கதி என்ன? ஆமா மருமகனே, எனக்குச் சுயநலம் உண்டு. சுயநலம் உள்ளவன் சொல்றதால கணக்கு தப்பாயிராது, கூட்டிக் கழிச்சுப் பாத்துக்கோ.

முடிவாச் சொல்லிருதேன். ரெண்டடியை எடு, ரூமை விடு. தொட்டிக்கு வச்சிருக்கிற காசுல கம்பியும் வழுக்காத டைல்ஸும் வாங்கு. கடப்பாறை தூக்குறதுக்கு முந்தி மூணு பேரைக் கேளு: கட்டட எஞ்சினீயரை, கீழ்வீட்டுக்காரரை, உங்க அம்மாவை. மூணு பேரும் சரின்னு சொன்னா, நல்ல நாள்கூடப் பாக்க வேண்டாம், வேலையை ஆரம்பி.