ஃபெராரி முகம், வண்டலூர் ஜாதகம்

சில கார்களைப் பார்த்தால் வாங்கத் தோன்றும். சில கார்களை வாங்கினால் விற்கத் தோன்றும். இரண்டு ஆசையையும் ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் வரவழைக்கும் வல்லமை ஸ்டாண்டர்டு 2000-க்கு இருந்தது. 1985-ல் மதராஸை ஒட்டிய வண்டலூர்த் தொழிற்சாலையில் பிறந்து, 1988-ல் பால்குடி மறக்கும் முன்பே போய்ச் சேர்ந்த கார் அது. மூன்று வருஷ ஆயுசுதான். ஆனால் அதற்குப் பின்னால் இங்கிலாந்து, அமெரிக்கா, வண்டலூர் என்று பல ஊர்ப் பெரிய மனிதர்கள் வரிசையாக வந்து ஒரே கேள்வியில் தலையை முட்டிக்கொண்ட கதை இருக்கிறது. இந்தத் தொல்லையை வச்சுக்கிறதா, தள்ளிவிடறதா?

இங்கிலாந்தில் ரோவர் என்றொரு கம்பெனி. டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டுவதற்காக, உள்ளே மரப்பலகையும் தோலும் பதித்த கனவான் கார்களைச் செய்துகொண்டிருந்தது. அங்கே வடிவமைப்பாளராக இருந்த டேவிட் பேச்சுக்கு ஒருநாள் கை அரித்தது. இத்தாலிக்காரனின் ஃபெராரி டேடோனாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அடுத்த காரை வரைந்தார். அதை யாரும் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது, மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். 1976-ல் ரோவர் எஸ்டி1 வெளியே வந்தது. எட்டு சிலிண்டர், 3528 சிசி, 155 குதிரை. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று மாலையும் விழுந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தால் சிக்கனத்தின் உச்சம். மீட்டர்களை எல்லாம் ஒரு பெட்டிக்குள் போட்டு, டேஷ்போர்டின் மேல் தூக்கி வைத்துவிட்டார்கள். இடப்பக்கம் ஓட்டுகிற நாட்டுக்கு அனுப்ப வேண்டுமா? பெட்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வை. ஸ்டீயரிங் கம்பி போக ஓட்டை வேண்டுமா? பக்கத்து சீட்டுக்காரர் முகத்துக்குக் காற்று வரும் துவாரம் இருக்கிறதே, அதுதான் அந்த ஓட்டை. கம்பி வந்தால் கம்பி, வராவிட்டால் காற்று. நம் ஊர் மெக்கானிக் செய்திருந்தால் ஒப்பேற்றினான் என்பார்கள். வெள்ளைக்காரன் செய்ததால் எஞ்சினியரிங்.

ஆனால் கார் செய்த வீட்டில் சகுனம் சரியில்லை. ரோவரின் தாய்க் கழகமான பிரிட்டிஷ் லேலண்டு நொடித்துப்போய், 1975-லேயே அரசாங்கம் அதைக் கையில் எடுத்திருந்தது. தொழிற்சாலையில் ஒரு பக்கம் வேலைநிறுத்தம், மறுபக்கம் அடித்த பெயிண்டே வேலைநிறுத்தம். ஆரம்பகாலக் கார்களில் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உரிந்து விழுந்தது. ஐரோப்பாவின் சிறந்த காரை வாங்கியவர்கள், வாங்கிய ராசிக்குப் பெயிண்டரையும் சேர்த்துத் தேடினார்கள்.

அந்த எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கும் ஒரு பூர்வாசிரமம் உண்டு. அது அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ப்யூக் பிரிவு பெற்ற பிள்ளை. முழுக்க அலுமினியம். வார்க்கும்போதே பழுதாகிக் கழிவது அதிகம், செலவும் அதிகம், கூடவே ரேடியேட்டர் தண்ணீரோடு ஓயாத தகராறு. தொல்லை தாங்காமல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஒதுங்கிக் கிடந்த அந்த எஞ்சின் ரோவர்காரர் ஒருவர் கண்ணில் பட்டது. 1965-ல் உரிமையைக் கைமாற்றிவிட்டு அமெரிக்கர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். ரோவர்காரர்கள் பொறுமையாக அதன் நோய்களைத் தீர்த்து, அடுத்த நாற்பது வருஷம் அதை வைத்தே பிழைத்தார்கள். இதே ப்யூக் குடும்பத்து ஆறு சிலிண்டர் எஞ்சினையும் ஜெனரல் மோட்டார்ஸ் 1967-ல் ஜீப் கம்பெனிக்கு விற்றது. பெட்ரோல் விலை ஏறியதும் 1974-ல் அதையே திரும்ப வாங்கிக்கொண்டு வீடு வந்தது. தள்ளிவிட்டால் தொல்லை விட்டது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

விற்பது வாங்குவது என்று வந்துவிட்ட பிறகு, தாராபுரம் பக்கத்தில் இருக்கும் நம் குண்டடத்துக்கு வராமல் இருக்க முடியாது. இந்த ஊர் வடுகநாதர் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. மேற்கேயிருந்து மிளகு மூட்டைகளோடு வந்த வியாபாரி ஒருவன் இங்கே ராத்தங்கினான். சாமி கிழவர் வேஷத்தில் வந்து, “உடம்புக்கு ஆகலீங்க, ஒரு கை மிளகு குடுங்க” என்று கேட்டது. “மிளகு ஏதுங்க, இது பயறுங்க” என்றான் வியாபாரி. போன இடத்தில் மூட்டையை அவிழ்த்தால் அத்தனையும் பச்சைப்பயறு. அழுது புரண்டு வேண்டிக்கொண்ட பிறகுதான் பயறு மறுபடி மிளகானது. பழைய கார் வியாபாரம் இதற்குத் தலைகீழ். பயற்றை மிளகு என்று சத்தியம் செய்வார்கள். மூட்டையை அவிழ்த்த பிறகு எந்தச் சாமியும் வந்து மாற்றித் தராது.

அந்த எஸ்டி1-ஐ ஸ்டாண்டர்டு 2000 ஆக்குவதற்கு ரோவர்காரரும் மதராஸ்காரரும் கோட்டு சூட்டோடு கையெழுத்துப் போட்டதுதான் தப்பு. குண்டடம் சந்தைக்குப் பிடித்து வந்திருந்தால் ஒரு தரகர் போதும். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விவகாரத்தை முடித்திருப்பார்.

“ஏனுங்க, பல்லு எத்தனைங்க?”

“ஒம்பது வருஷம் ஆச்சுங்க.”

“ஈத்து?”

“மூணு லட்சத்துக்குப் பக்கங்க.”

“சுழி சுத்தமுங்களா?”

“பெயிண்டு சுழி ஒண்ணு இருக்குதுங்க. மத்தபடி ராசியான உருப்படிங்க. பிரிட்டிஷ் போலீஸே ஓட்டுனதுங்க.”

“எஞ்சினு?”

“அது வராதுங்க. உடம்பு மட்டுந்தானுங்க.”

“அப்புறம் என்னத்துக்குங்க பல்லைக் காட்டுனீங்க?”

துண்டு உதறப்பட்டிருக்கும். கதையும் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் மதராஸ்காரர்கள் உடம்பை மட்டும் வாங்கினார்கள். ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1948-ல் தொடங்கிய கம்பெனி. வாங்கார்டு, ஹெரால்டு என்று கார் செய்த வீடு. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மும்மூர்த்திகளில் ஒருவர். எண்பதுகளில் மூவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே காய்ச்சல் வந்தது. வெளிநாட்டில் ஓடி முடித்த ஓர் உடம்பைக் கொண்டுவருவது, வேறொரு எஞ்சினை உள்ளே வைப்பது, புதுசு என்று விற்பது. கான்டெஸா என்பது வாக்ஸால் உடம்பில் அம்பாசடர் எஞ்சின். பிரீமியர் 118 என்இ என்பது ஃபியட் உடம்பில் நிஸ்ஸான் எஞ்சின். ஸ்டாண்டர்டுக்கு ஜப்பான் வரைக்கும் போகப் பொறுமையில்லை. பரணில் கிடந்த வாங்கார்டு காலத்து நாலு சிலிண்டர் எஞ்சினைத் தூசி தட்டி எடுத்தார்கள். 1991 சிசி, சுமார் 83 குதிரை. மீதி 72 குதிரை இங்கிலாந்திலேயே நின்றுவிட்டது.

இந்த எஞ்சினைக் கேலி செய்பவர்கள் அதன் குடும்பத்தைத் தெரியாதவர்கள். அதே வம்சத்தில் ஒரு பிள்ளை ஃபெர்குசன் டிஇ20 டிராக்டருக்குள் போய், உலகமெல்லாம் உழுது பேர் வாங்கினான். 1946 முதல் 1956 வரை அந்த டிராக்டர் ஐந்து லட்சத்துக்கு மேல் வந்தது. இன்னொரு பிள்ளை, அதே 1991 சிசி, ட்ரையம்ஃப் டிஆர்2 என்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காருக்குள் உட்கார்ந்தான். 1953-ல் பெல்ஜியத்தின் யாபெக்கே நெடுஞ்சாலையில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிப் பறந்தான். ஆக, ஃபெராரி சாயல் உள்ள உடம்பு, ஸ்போர்ட்ஸ் கார் வம்சத்து எஞ்சின். விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? என்ன, 1953-க்கும் 1985-க்கும் நடுவே முப்பத்திரண்டு வருஷம் போய்விட்டது. ரேஸுக்குப் போன பிள்ளை ரிட்டயராகிவிட்டான். உழவுக்குப் போன பிள்ளையின் குணம் மட்டும் குடும்பத்தில் தங்கிவிட்டது.

கியர் நாலு. நம் ரோட்டுக்கென்று சஸ்பென்ஷனைத் தூக்கிவிட்டார்கள். தரையோடு பதுங்க வேண்டிய கார், மழைத்தண்ணியில் வேட்டியை மடித்துக்கட்டி நடப்பவரைப் போல நிமிர்ந்து நின்றது. அதே 1985-ல் அதே வண்டலூரில் அண்ணா உயிரியல் பூங்காவும் திறக்கப்பட்டது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் எந்த வாசலுக்குப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. புலிக்கு மைலேஜ் கேட்க மாட்டார்கள் என்ற வசதி புலிக்கு இருந்தது. ஸ்டாண்டர்டு 2000-க்கு அது இல்லை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 ஏற்கெனவே தெருவில் சிட்டாய்ப் பறந்துகொண்டிருந்தது. லிட்டருக்கு எத்தனை கொடுக்கும் என்ற கேள்வியைத் தேசத்துக்கே கற்றுக்கொடுத்துவிட்டது. அந்தக் கேள்விக்கு நம் காரிடம் சொல்லிக்கொள்ளும்படி பதில் இல்லை. 1988-ல் தயாரிப்பு நின்றது. வண்டலூரில் கதவு, பானெட், கண்ணாடி, விளக்கு என்று ரோவர் உதிரிகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன.

அவற்றை வாங்க வந்தவர்கள் ரிம்மர் பிரதர்ஸ், இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பழைய ரோவர், ட்ரையம்ஃப் கார்களுக்குச் சாமான் விற்பவர்கள். மொத்தக் கதையிலும் சரக்கை அதன் நிஜப் பேரைச் சொல்லி வாங்கியவர்கள் இவர்கள்தான். புதிய கார் என்று நினைக்கவில்லை, தேசத்தின் எதிர்காலம் என்று பேசவில்லை. உதிரி பாகம் என்று பார்த்தார்கள், உதிரி பாகம் என்று விலை போட்டார்கள், கப்பலேற்றினார்கள். இங்கிலாந்தில் துருவேறிய எஸ்டி1-களுக்கு வண்டலூர் கதவுகள் கிடைத்தன.

இப்போது நம் ஊருக்கே வருவோம். ஒரு பேச்சுக்கு, குண்டடத்துக்கும் ஊதியூருக்கும் நடுவே ஒரு தோட்டத்துச் சாளையில், தேங்காய்மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில், தார்ப்பாய் போர்த்திய ஒரு ஸ்டாண்டர்டு 2000 நிற்கிறது என்று வையுங்கள். பனியன் ஏற்றுமதியில் முதல் காசு பார்த்த ஒருவர், பையர் வந்தால் உட்கார வைக்கக் கௌரவமாக ஒரு வண்டி வேண்டுமென்று வாங்கியது. வீட்டுக்காரம்மாவுக்கு அந்த இடத்தில் ஆட்டுப்பட்டி போட வேண்டும். மகன் அதை மீட்டெடுத்து போட்டோ போட வேண்டும் என்கிறான். மருமகன், “மாமா, காயலான் கடைக்காரன் எடைக்கு எடுத்துக்கறேங்கறானுங்க” என்று நாகரிகமாக ஆரம்பிக்கிறார்.

அரசாங்கம் என்ன சொல்கிறது? 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிப்படி ஐம்பது வயசு நிரம்பினால்தான் விண்டேஜ். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், அதிலும் தினசரி ரோட்டில் ஓட்டக்கூடாது. 1985-ல் பதிவான கார் அந்த அந்தஸ்தை அடைய 2035 ஆகும். அதுவரை அது பழைய கார்தான், புராதனக் கார் அல்ல. வயசுக்கும் வராமல் வனவாசத்துக்கும் போகாமல் நிற்கும் ரெண்டுங்கெட்டான் நிலை. உதிரி சாமானுக்கு எழுதிப் போட்டால், வண்டலூரில் கிடந்த விளக்கு லிங்கன்ஷயர் போய்ப் பவுண்டு கணக்கில் விலையேறிப் பார்சலில் குண்டடம் வந்து சேரலாம். நூறு ரூபாய் பொருளுக்கு இப்படி ஒரு தீர்த்தயாத்திரை காசிக்குப் போனவர்களுக்கும் வாய்த்ததில்லை.

என் தீர்ப்பு இதுதான். ரேஸ் கார் என்ற நினைப்பில் வைத்திருந்தால் இன்றைக்கே விற்றுவிடுங்கள், ஒவ்வொரு நாளும் மனசு நோகும். விண்டேஜ் விலை வரும் என்று காத்திருந்தால் அப்போதும் விற்றுவிடுங்கள், ஆட்டுப்பட்டி அதைவிடச் சீக்கிரம் காசு தரும். வாங்க வருகிறவரிடம் பானெட்டைத் தூக்கிக் காட்டி, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அதெல்லாம் இல்லாமல், சும்மா அது உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதுதான் காரணமென்றால் தார்ப்பாயை எடுத்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது டிராக்டர் வம்சத்து எஞ்சின் என்று யாராவது கண்டுபிடித்துச் சிரித்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாராபுரம் ரோட்டில் டிராக்டர் வைத்திருப்பவருக்குத்தான் இன்னமும் பேங்கில் நாற்காலி போடுகிறார்கள்.