பேய்க்கு ஏது கால்ஷீட்?

ஆடி பிறந்தாலும் பிறந்தது, இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் பேய்ப் படக் கேள்விகள். பெரியபாளையம் போகிற வழியில் யாரோ கிளப்பிவிட்டிருக்க வேண்டும். பேய்களைக் காக்க வைப்பது நல்லதல்ல என்பதால், மற்ற கேள்விகள் அடுத்த வாரம்.

செகண்ட் ஷிப்ட்காரர், கும்மிடிப்பூண்டி சிப்காட்
கே: ஷிப்ட் முடிந்து புதுவாயல் கூட்ரோட்டில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, சின்ன வயதில் பார்த்த பேய்ப் படமெல்லாம் ஞாபகத்துக்கு வருகிறதே, என்ன செய்ய?

ப: வேகமாக நடங்கள். பேய்க்குப் பயந்து அல்ல, ஜி.என்.டி. ரோட்டில் ராங் சைடில் வரும் லாரிக்குப் பயந்து.

பழைய பட ரசிகர், கவரைப்பேட்டை
கே: சிக்கனமாக எடுத்த பேய்ப் படங்களில் உங்கள் ஓட்டு எதற்கு?

ப: சந்தேகமே இல்லாமல் 'ஜகன்மோகினி'. 1978-ல் பி.விட்டலாச்சார்யா எடுத்த தெலுங்குப் படம். தமிழ் பேசிக்கொண்டு இங்கே வந்தது. ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கும் நம்மூரில் அது தமிழ் பேசாவிட்டாலும் ஓடியிருக்கும். விறகுக்குப் பதிலாகப் பேய் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. கம்ப்யூட்டர் இல்லை, கிராஃபிக்ஸ் இல்லை. ஓர் அடுப்பு, இரண்டு கால், கொஞ்சம் நெருப்பு. பங்களாவில் பேய் வந்தால் நமக்கென்ன, நாம் பங்களாவிலா இருக்கிறோம்? அடுப்பங்கரையில் வந்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

வேலையில்லா நடிகர், பொன்னேரி
கே: விட்டலாச்சார்யா படங்களில் ஆட்கள் திடீர் திடீரென்று ஆடாகவும் கிளியாகவும் மாறுவது ஏன்?

ப: கோடம்பாக்கத்தில் சொல்லிச் சிரிக்கும் கதை இது. நடிகர் கால்ஷீட்டில் முரண்டு பிடித்தால், அடுத்த காட்சியிலேயே ஒரு முனிவர் வந்து சபித்துவிடுவாராம். மீதிப் படத்துக்கு ஆடுதான் நடிகர். ஆட்டுக்குக் கேரவன் வேண்டாம், ஒரு கட்டுப் புல் போதும். உங்களுக்கு வேலை கிடைக்காத காரணம் இப்போது புரிகிறதா?

ஆசிரியை, பஞ்செட்டி
கே: பேய்க்கு ஏன் எப்போதும் வெள்ளைப் புடவை?

ப: லைட் செலவு மிச்சம். கறுப்பு வெள்ளைப் படத்தில், இருண்ட தோட்டத்தில், ஒற்றை விளக்கில் பளிச்சென்று தெரியும் ஒரே துணி வெள்ளைதான். அந்தக் காலத்துக் கேமராமேனின் சிக்கனத்தை நாம் பேய்களின் சீருடையாக்கிவிட்டோம். கொலுசும் அப்படியே. ஆளைக் காட்ட நடிகை வேண்டும். சத்தத்துக்கு ஒரு ஜோடி கொலுசு போதும்.

சங்கீதப் பிரியர், மீஞ்சூர்
கே: பேய் இல்லாமலே பயமுறுத்திய தமிழ்ப் படம்?

ப: 'நடு இரவில்', 1970. இயக்கம், இசை, நடிப்பு எல்லாம் வீணை வித்வான் எஸ்.பாலச்சந்தர். ஒரு வீடு, உள்ளே உறவுக்காரர்கள், ஒவ்வொருவராகச் சாகிறார்கள். 1954-லேயே பாட்டு இல்லாமல் 'அந்த நாள்' எடுத்த ஆள் அவர். இரண்டு மீட்டலுக்கு நடுவில் இருக்கும் நிசப்தத்தின் மதிப்பு வீணைக்காரருக்குத்தானே தெரியும்? இன்றைய படங்களில் பேய் வருவதற்குள் பின்னணி இசை வந்து அதைத் துரத்திவிடுகிறது.

லேத் பட்டறை உரிமையாளர், கும்மிடிப்பூண்டி
கே: ராம்சே பிரதர்ஸ் என்கிறார்களே, யார் அவர்கள்?

ப: உங்கள் ஆட்கள்தான். அதாவது பட்டறைக்காரர்கள். கராச்சியில் ரேடியோ கடை வைத்திருந்த எஃப்.யு.ராம்சே, பிரிவினைக்குப் பிறகு பம்பாய் வந்து படம் எடுத்தார். 1970-ல் வந்த படம் படுத்துவிட்டது. ஆனால் அதில் பிருத்விராஜ் கபூர் முகமூடி போட்டுக்கொண்டு திருட வரும் காட்சியில் மட்டும் தியேட்டர் ஆடிப்போனதைப் பிள்ளைகள் கவனித்தார்கள். 'முழுப் படத்தையும் அப்படியே எடுத்தால் என்ன?' என்று அப்பாவைக் கேட்டார்கள். ஏழு பிள்ளைகள், துளசியும் ஷியாமும் இயக்கம், கங்கு கேமரா, கிரண் ஒலி, அர்ஜுன் எடிட்டிங், குமார் கதை. வெளியாளுக்குச் சம்பளமே கிடையாது என்று சொல்லும் அளவுக்குக் குடும்ப உற்பத்தி. மகாபலேஷ்வருக்குப் போய்த் தங்கி எடுத்த 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' 1972-ல் வந்து ஓடியது. 1984-ல் 'புரானா மந்திர்' அதைவிட ஓடியது. அதில் பேயாக வந்த அனிருத் அகர்வாலுக்கு உயரமும் முகமுமே பாதி மேக்கப். அப்பா லேத்தில், அண்ணன் வெல்டிங்கில், தம்பி டெலிவரியில் என்று ஓடும் உங்கள் பட்டறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் சரக்கைப் பார்த்து ஜனங்கள் அலறினார்கள். உங்கள் சரக்குக்கு யாரும் அலறாதவரை சரி.

டிப்ளமோ மாணவர், ஆரம்பாக்கம்
கே: ஹாலிவுட்காரர்களிடம்தான் பணம் கொட்டிக் கிடக்கிறதே, அவர்களுமா சிக்கனம் பிடித்தார்கள்?

ப: கொட்டிக் கிடந்தவர்கள் வேறு, பயமுறுத்தியவர்கள் வேறு. 1968-ல் ஜார்ஜ் ரொமேரோ 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தபோது கையில் இருந்தது லட்சத்துச் சொச்சம் டாலர். ரத்தத்துக்கு சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியப் போகிறது? விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமை வாசகத்தைப் போட மறந்துவிட்டார். படம் ஊருக்கே பொதுச் சொத்தானது. ஆளாளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ரொமேரோவுக்குப் பணம் போனது, பெயர் நின்றது. 1978-ல் ஜான் கார்ப்பெண்டர் 'ஹாலோவீன்' எடுத்தபோது, கொலைகாரனுக்குக் கடையில் விற்ற 'ஸ்டார் ட்ரெக்' கேப்டன் முகமூடியை வாங்கி வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். இசையமைப்பாளருக்குப் பணமில்லை என்று டைரக்டரே வாசித்தார். இதற்கு நம்மூரில் 'ஒப்பேற்றுவது' என்று பெயர். ஒப்பேற்றத் தெரியாதவன் டிப்ளமோ முடித்தும் பயனில்லை.

பஸ் பயணி, தச்சூர்
கே: பேயைக் காட்டாமலே பயமுறுத்த முடியுமா?

ப: தினமும் பஸ்ஸில் போகும் நீங்களா இதைக் கேட்பது? 1942-ல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடக்கிறாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது, பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. சிறுத்தை பாய்ந்துவிட்டது என்று நாம் பதறும் நொடியில் உஸ்ஸென்று சீறிக்கொண்டு வந்து நிற்கிறது... டவுன் பஸ்! தயாரிப்பாளர் வால் லூட்டனிடம் பெரிய மிருகம் காட்டப் பணமில்லை. நிழலையும் பஸ்ஸையும் வைத்துச் சமாளித்தார். ஏர் பிரேக் சத்தத்துக்குப் பயந்து சினிமாவே எண்பது வருஷமாக அதைக் காப்பியடிக்கிறது. காட்டாத பேயைப் பார்க்கிறவனே செய்துகொள்கிறான், அவனவன் வீட்டு இருட்டிலிருந்து எடுத்து. அந்தச் செலவு தயாரிப்பாளர் கணக்கில் வராது.

குடும்பத் தலைவி, பெரியபாளையம்
கே: படங்களில் பேயாக வருவது பெரும்பாலும் பெண்தான். ஏன்?

ப: உயிரோடு இருந்தபோது அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லையே, அதனால்தான். பவானியம்மன் கோயிலில் வேப்பிலை கட்டி நிற்கும் பெண்ணுக்குச் சாமி வந்தால், நேற்றுவரை அதட்டிய மாமியார் உட்பட வீடே கைகட்டி நின்று கேட்கிறது. சினிமாவில் அந்த வேலையைப் பேய் செய்கிறது. 1978-ல் வந்த 'ஆயிரம் ஜென்மங்கள்' முதல் நேற்றைய 'அரண்மனை' வரை பாதிக் கதை இதுதான்: செத்த பிறகு கிடைக்கும் விசாரணை. பயந்துகொண்டே நாம் மனசுக்குள் பேய்க்குத்தான் ஓட்டுப் போடுகிறோம்.

வாடகைதாரர், சோழவரம்
கே: நான் குடியிருப்பது 13-ம் நம்பர் வீடு. பேபி இயக்கிய '13-ம் நம்பர் வீடு' படத்தை நேற்றுதான் பார்த்தேன். காலி செய்யலாமா?

ப: 1990-ல் வந்த படம் அது. அந்த டிவிடியை வீட்டுக்காரருக்குக் கொடுத்து, வாடகையைக் குறைத்துக் கேளுங்கள்.

உதவி இயக்குநர், சென்னை
கே: பேய்ப் படம் எடுத்து உருப்பட்டவர்கள் உண்டா?

ப: 1985-ல் 'யார்?' என்ற பேய்ப் படத்தைத் தயாரித்தவர்களில் ஒருவர் எஸ்.தாணு. பிற்பாடு 'கபாலி' வரை போனார். கார்த்திக் சுப்புராஜின் முதல் படம் 'பீட்சா', 2012. விஜய் சேதுபதி, ஒரு பங்களா, ஒரு டார்ச் லைட். அந்த டார்ச்சுக்குத் துணை நடிகர் விருதே கொடுக்கலாம். 2015-ல் அஜய் ஞானமுத்துவுக்கு 'டிமான்ட்டி காலனி', அஸ்வின் சரவணனுக்கு 'மாயா', இரண்டும் முதல் படங்கள். பெரிய ஹீரோக்கள் வாசலில் காக்க வைக்கும் வயதில், புது இயக்குநருக்கு உடனே டேட் கொடுப்பது பேய் மட்டும்தான்.

எலக்ட்ரிகல் மேற்பார்வையாளர், சிப்காட்
கே: எங்கள் கம்பெனியில் ராத்திரி ஒரு மெஷின் தானாக ஓடுகிறது. பேய் என்கிறார்கள்.

ப: ஓவர்டைம் கேட்டதா? கேட்கவில்லை என்றால் பேய்தான்.

மல்டிபிளெக்ஸ் பிரியர், எளாவூர்
கே: சூளூர்பேட்டையில் நூறு அடிக்கு மேல் அகலமான திரை இருக்கிறதே, அதில் விட்டலாச்சார்யா படத்தைப் போட்டால் எப்படி இருக்கும்?

ப: பறக்கும் மண்டையோட்டைக் கட்டிய நூல், கயிறு மாதிரித் தெரியும். ஆனால் ஒன்று. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த அன்றைக்கும் எங்களுக்கு நூல் தெரிந்தது. தெரிந்துதான் பயந்தோம். பொம்மலாட்டத்தில் கயிறு தெரிகிறது என்று யாராவது எழுந்து போவார்களா? நூலே தெரியாமல் கோடிக்கணக்கில் எடுக்கும் படத்தில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் தோன்றுகிறது. நூல் தெரியும் படத்துக்கு நாமும் ஒரு கை கொடுத்து மண்டையோட்டைப் பறக்க வைக்கிறோம்.

பெயர் வேண்டாம், புதுவாயல்
கே: ஊரையெல்லாம் கிண்டல் செய்கிறீர்களே, நீங்கள் பேய்க்குப் பயந்ததே இல்லையா?

ப: 'ஜகன்மோகினி' பார்த்துவிட்டு வந்த மறுநாள் விடிகாலை. பாட்டி அடுப்பின் முன்னால் உட்கார்ந்து கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். காலை மடித்து, புடவையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் பாதம் தெரியவில்லை. அடுப்பிலோ விறகு நன்றாக எரிகிறது. எனக்குச் சந்தேகம். ஓசைப்படாமல் பின்னால் போய், புடவை ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்.

இரண்டு காலும் இருந்தன. கையும் இருந்தது, அதில் ஊதுகுழலும் இருந்தது.