கிண்ணதாரி

மாலை ஏழு மணிக்கு நம் அடுக்ககங்களின் கீழ்த்தளத்துக்கு வந்தால் இவரைப் பார்க்கலாம். கையில் எவர்சில்வர் கிண்ணம், தோளில் ஈரத்துண்டு, முகத்தில் வேட்டைக்களை. முன்னால் இரண்டு வயது உருவம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். இவரைக் கிண்ணதாரி என்று அழைப்போம். பெரும்பாலும் பாட்டி. சில வீடுகளில் அம்மா. பணி ஓய்வு பெற்ற தாத்தாக்களும் இப்போது இந்தப் பதவிக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். யாராக இருந்தாலும் கொள்கை ஒன்றுதான்: கிண்ணம் காலியாகாமல் வீட்டுப்படி ஏறுவதில்லை.

கிண்ணத்தில் இருப்பது பருப்பு சாதம். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, சீரகம் தட்டிப்போட்டு, நெய்யை ஊற்றி, சோற்றுக்குள் கேரட்டை ஒளித்து, கேரட்டுக்குள் கீரையை ஒளித்துத் தயாரித்த சரக்கு. குழந்தை அதை வாயில் வாங்கி, ஒரு நொடி யோசித்து, கீரையை மட்டும் நாக்கு நுனியால் பிரித்து வெளியே தள்ளிவிடும். விமான நிலையத்துச் சுங்க அதிகாரிகளுக்குக்கூட அந்தத் துல்லியம் வாய்க்காது.

கிண்ணதாரியின் முதல் அஸ்திரம் உறவுமுறை. "அம்மாவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய், அத்தைக்கு ஒரு வாய்" என்று ஆரம்பிப்பார். ஐந்தாறு வாயில் நெருங்கிய சொந்தம் தீர்ந்துவிடும். பிறகு ஒன்றுவிட்ட மாமா, சம்பந்தி வீட்டார், காலமான கொள்ளுத்தாத்தா என்று வம்சாவளி நீளும். சித்தப்பா பெயரில் போன வாயைக் குழந்தை துப்பிவிட்டால் மட்டும் பாட்டிக்குக் கோபம் வராது. "பாரு, அவன் குணம் இந்தப் பச்சப்புள்ளைக்கே தெரிஞ்சிருக்கு" என்பார். பாகப்பிரிவினையில் அந்தச் சித்தப்பா நடந்துகொண்ட விதம் அப்படி.

இரண்டாவது அஸ்திரம் உயிரினங்கள். நாய் பார், பூனை பார், நிலா பார், தண்ணீர் லாரி பார். "நீ சாப்பிடலேன்னா காக்காவுக்குக் குடுத்துடுவேன்" என்று மிரட்டுவார். குழந்தை தாராள மனதுடன் "குது" என்று சொல்லிவிடும். அந்த வட்டாரத்துக் காக்கைகள் ஒன்றுகூட இளைத்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, அச்சம். பூச்சாண்டி, ஊசி போடும் டாக்டர், போலீஸ் மாமா. மூவரும் நேரில் வர முடியாத காரணத்தால் வாட்ச்மேன் அண்ணன்தான் எல்லோருக்கும் பதிலாக மீசையை முறுக்க வேண்டும். இதற்கென்று தனிப்படி எதுவும் கிடையாது.

நான்காவது, கைபேசி. பாட்டு ஓடும்வரை வாய் திறந்திருக்கும். நடுவில் விளம்பரம் வந்தால் மூடிக்கொள்ளும். என்ன சாப்பிட்டோம், வயிறு நிறைந்ததா என்பதெல்லாம் குழந்தைக்கே தெரியாது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அவர்கள் வந்து ஊட்டிப் பார்க்கட்டும் என்பது கிண்ணதாரியின் பதில்.

இத்தனைக்கும் பிறகு வருவது 'கடைசி வாய்'. "இதுதான் கடைசி வாய்", "இது நெஜமாவே கடைசி", "ஒரே ஒரு கடைசி" என்று அது ஒரு தனி எண்வரிசை. குழந்தையும் லேசுப்பட்டதல்ல. வாங்கிய வாயை விழுங்காமல் ஒரு பக்கக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "முழுங்கு கண்ணு, முழுங்கு தங்கம்" என்ற கெஞ்சலை அரை மணி நேரம் ரசித்துக்கொண்டிருக்கும்.

இது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. நற்றிணையின் 110-ஆம் பாட்டில் போதனார் இதே காட்சியைக் காட்டியிருக்கிறார். தேன் கலந்த பால், பொற்கிண்ணம், அடிப்பதுபோல் ஓங்க ஒரு சிறுகோல், பந்தலைச் சுற்றி ஓடும் சிறுமி, துரத்திக் களைத்துப்போகும் நரைத்த செவிலியர். பொன் போய் எவர்சில்வர் வந்ததைத் தவிர இத்தனை நூற்றாண்டுகளில் பெரிய மாற்றமில்லை. அந்தப் பாட்டில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, மெலிந்தது குழந்தையல்ல, செவிலியர். மற்றொன்று, அதே சிறுமி வளர்ந்து, வசதி குன்றிய கணவன் வீட்டில், தந்தை வீட்டுச் சோற்றை நினைக்காமல் ஒருவேளை விட்டு ஒருவேளை உண்டு பெருமிதமாக வாழ்கிறாள். இந்த அறிவும் ஒழுக்கமும் இவளுக்கு எப்படி வந்தன என்று வியக்கிறாள் தாய். ஊட்டி வந்ததில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கிண்ணதாரியின் கவலைக்குக் காரணம் ஒரு கணக்குப் பிழை. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய ஒன்பது கிலோ இருக்கும். மும்மடங்கு. அதே வேகத்தை எதிர்பார்த்தால் இரண்டு வயதில் 27 கிலோ, மூன்று வயதில் 81 கிலோ என்று போக வேண்டும். இயற்கை அவ்வளவு கொடுமைக்காரியல்ல. இரண்டாம் ஆண்டில் குழந்தைக்குக் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி நிதானப்படுவதால் பசியும் நிதானப்படுகிறது. நடக்கக் கற்ற பிள்ளைக்கு உலகத்தைச் சுற்றிப்பார்க்கும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. மருத்துவர் எடை வரைபடத்தைக் காட்டி, "நல்லாத்தாம்மா இருக்கான்" என்பார். வெளியே வந்ததும் கிண்ணதாரி தீர்ப்பை மாற்றி எழுதுவார்: "அவருக்கென்ன தெரியும்? நாலு பெத்தவ நான். புள்ள துரும்பா இளைச்சுக் கெடக்கு." அன்று மாலையே உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடப்படும்.

"காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல" என்பது இவரது அன்றாட அறிக்கை. அந்த ஒன்றுமில்லாததற்குள் ஆறு பிஸ்கட், அரை முறுக்கு, பக்கத்து வீட்டு மாமி கொடுத்த கேசரி, நான்கு புட்டிப் பால் ஆகியவை அடக்கம். பால் அளவு மீறினால் சோற்றுக்கு இடமிருக்காது, இரும்புச்சத்தும் குறையும். ஆனால் பால் 'சாப்பாடு' என்ற கணக்கில் சேராது என்பது கிண்ணதாரிகள் சங்கத்தின் எழுதாத விதி.

அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் 1920-களில் ஒரு சோதனையைத் தொடங்கினார். பால்குடி மறந்த 15 குழந்தைகளுக்கு எதிரே காய், பழம், இறைச்சி, தானியம், பால் என்று தனித்தனிக் கிண்ணங்கள் வைக்கப்பட்டன. செவிலியர் கரண்டியுடன் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை கை நீட்டினால்தான் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் ஒருவேளை ஆரஞ்சுச் சாறும் ஈரலும், இன்னொரு வேளை முட்டையும் வாழைப்பழமும் பாலும் என்று கோணங்கித்தனமாகத் தின்று நன்றாகவே வளர்ந்தன. ஒரு விஷயம்: அந்தத் தட்டில் பிஸ்கட்டோ முறுக்கோ கிடையாது. இன்னொரு விஷயம்: அந்தச் செவிலியரில் ஒருவர்கூட நம் ஊர்ப் பாட்டியில்லை. வாய் திறவாமல் உட்கார்வது நம்மவர்களால் ஆகிற காரியமா?

ஆகாதுதான். ஆனாலும் கிண்ணதாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு என்று அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். அதை ஒரு வாரம் செய்து பாருங்கள். பிள்ளையை உங்களோடு தரையில் உட்காரவையுங்கள். தட்டில் கொஞ்சமாக வையுங்கள். பிசையட்டும், இறைக்கட்டும், பாதி வாய்க்கும் பாதி தலைக்கும் போகட்டும். புதிய காயை எட்டுப் பத்துத் தடவை பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் தொடவே செய்யும். அதற்குள் "இவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்தாதீர்கள். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டாமல். எடை ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ, விழுங்கவே சிரமப்பட்டாலோ மருத்துவரிடம் போங்கள். மற்றபடி பசித்தால் பிள்ளை தானாகக் கேட்கும். கிண்ணத்தில் மிஞ்சியதை நீங்களே சாப்பிட்டுவிடுங்கள். ஓடி ஓடி இளைத்துப்போயிருப்பது நீங்கள்தான்.