ஏலக்கடைச் சம்பாஷணை: ஓர் இலக்கண ஆராய்ச்சி

முகம் பாராத இருவர், ஒருவர் பணத்தை மற்றவரும் மற்றவர் பொருளை இவரும் விரும்பியதன் காரணமாக எழுதிக்கொள்ளும் கடிதங்கள், நம் காலத்து உரைநடையில் சுருக்கத்துக்கும் சந்தேகத்துக்கும் தலைசிறந்த உதாரணங்களாக விளங்கியும், பண்டிதர் எவரும் இதுகாறும் அவற்றை ஏறெடுத்துப் பாராமலிருப்பதற்கு, இரண்டு அடிகளில் முடியும் உரிமை குறளுக்கு மட்டுமே உண்டு என்ற எண்ணந்தான் காரணம் போலும். அக்குறையை நீக்குவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

ஆதி கடிதத்திலிருந்து தொடங்குவோம். பியர் ஒமிட்யார் என்பவர் 1995 செப்டம்பரில், பின்னால் ஈபே என்று பெயர் பெற்ற இணைய ஏலக்கடையை விரித்தபோது, முதலில் விலைபோனது பழுதடைந்த லேசர் சுட்டுக்கோல் ஒன்று என்றும், அதை 14.83 டாலருக்கு எடுத்தவரிடம், ‘இது வேலை செய்யாது என்பது தங்களுக்குத் தெரியுமல்லவா?’ என்று அவர் விசாரிக்க, பழுதடைந்த சுட்டுக்கோல்களைச் சேகரிப்பதே தம் வழக்கம் என்று பதில் வந்ததென்றும் அந்த ஸ்தாபனத்தின் சரித்திரம் கூறும். விற்பவன் தன் சரக்கின் தோஷத்தைத் தானே எடுத்துச் சொல்ல, அந்தத் தோஷத்துக்காகவே வாங்குபவன் மகிழ்ந்த கடிதப் போக்குவரத்து இது; பின்னால் வந்தவை யாவும் இதினின்றும் படிப்படியாகச் சீர்குலைந்தவை என்று கொள்வதில் ஆக்ஷேபம் இருக்க இடமில்லை.

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தபோது ஏலக்கடையை மனத்தில் கொண்டிருந்தார் என்று சொல்லத் துணியமாட்டோம். ஆயினும் அவ்வகைகள் இங்கே பொருந்துகிற பொருத்தம் அசாதாரணமானது. கடைக்காரரிடம் பருப்பு இருக்கிறதா என்று கேட்பதைக் கொளல் வினாவுக்கு உதாரணம் காட்டுவர். பருப்பின் படமும் எடையும் விலையும் அனுப்பும் கூலியும் கண்ணெதிரே எழுதியிருக்க, அவற்றுக்கு நேர் கீழே உள்ள பொத்தானை அழுத்தி, பருப்பு இருக்கிறதா என்று கேட்பதே ஏலக்கடைக் கொளல் வினா. ‘சரக்கு அசல்தானா?’ என்னும் ஐய வினாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ‘அல்ல’ என்று விடை எழுதிய வணிகர் எவரும் எமது ஆராய்ச்சிக்கு அகப்படவில்லை.

அறிவினாதான் நின்று நிதானித்துப் பார்க்கத்தக்கது. பழைய கைக்கடிகாரம் ஒன்று ஏலத்துக்கு வருகிறது. முகப்பு பளபளக்கிறது, ஆனால் ஆறு மணிக்குக் கீழே பொடி எழுத்தில் உள்ள ‘ஸ்விஸ்’ என்ற சொல் நிமிடக் கோட்டின் மேல் இலேசாக ஏறியிருக்கிறது. பிற்காலத்தில் யாரோ வர்ணம் பூசிப் புதுப்பித்த முகப்பு அது என்பது விஷயம் தெரிந்தவருக்குப் பார்த்த மாத்திரத்திலேயே விளங்கிவிடும். விளங்கியும், ‘முகப்பு அசல்தானே, ஐயா?’ என்று பரம சாதுவாக ஒரு கேள்வி போடுகிறார். கேள்வியையும் பதிலையும் எல்லோரும் காணும்படி வெளியிடுவதோ மறைப்பதோ விற்பவரின் இஷ்டம் என்றிருந்த காலத்தில், புகழ்ச்சியான கேள்விகள் பிரசுரமாகவும் இத்தகைய கேள்விகள் காணாமற்போகவும் நேர்ந்தது இயற்கையே. உண்மையான நிபுணரோ ஒன்றும் கேட்பதில்லை. அவர் ஏழு நாளும் வாய் திறவாதிருந்து, கடைசி ஐந்து விநாடியில் விலை கேட்டுப் பொருளைக் கொண்டுபோய்விடுவார்.

‘கடைசி விலை என்ன?’ என்பது ஏவல் வினாவின்பாற்படும். கடைசி விலை என்னவென்று ஒருவருக்கும் தெரியாமையினாலேயே ஏலம் என்ற ஏற்பாடு உண்டாயிற்று என்பதை இதைக் கேட்பவருக்கு எடுத்துச் சொல்லிப் பயனில்லை. ஏனெனில் ஏலத்தை இப்போதே நிறுத்தி என்னிடம் தள்ளிவிடு என்பதே அவர் கருத்து. இனி, கொடை வினா. வென்றவர் பணம் கட்டாது போனால், அடுத்தபடியாகக் கேட்டவருக்கு அவர் கேட்ட விலைக்கே தருவதாக விற்பவர் எழுதும் ‘இரண்டாம் வாய்ப்பு’ அவ்வகையது. மோசக்காரர்கள் இந்தத் தயாள குணத்தை உடனே கைக்கொண்டு, தோற்றவர்களுக்கெல்லாம் பொய்க் கொடைக் கடிதங்கள் எழுதத் தலைப்பட்டதால், ஏலம் கேட்போர் பெயரை இரண்டு எழுத்துக்கும் நடுவில் மூன்று நட்சத்திரத்துக்கும் கடை சுருக்கிவிட்டது.

இந்த மறைவே எமது ஆராய்ச்சியின் மையம். நம் மாட்டுச் சந்தையில் தரகர் கையின்மேல் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். அங்கே ஆட்கள் தெரிவார்கள், விலை தெரியாது. இங்கேயோ விலை ஊரறியத் தெரியும். துண்டு ஆட்களின்மேல் விழுந்திருக்கிறது. தொலைபேசி எண்ணோ மின்னஞ்சல் முகவரியோ எழுதினால் கடிதம் தடுக்கப்படும். கடைக்கு வெளியே இருவரும் கைகுலுக்கிக்கொண்டால் தரகு போய்விடுமே! இதனை அறிந்தோர் எண்களை எழுத்தால் எழுதியும், எழுத்துகளுக்கிடையே புள்ளி வைத்தும், சித்தர் பரிபாஷையை ஒத்த ஒரு மறைமொழியை வளர்த்திருக்கிறார்கள். இத்தனை காவலுக்கு நடுவே, 2005-ல் இதே ஸ்தாபனம், வாங்குவோரும் விற்போரும் வாய்விட்டுப் பேசினால் வியாபாரம் விருத்தியாகும் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி, ஸ்கைப்பை 260 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. பத்து இலக்கம் எழுத விடாதவன் பேசுவதற்குக் கருவி வாங்கிக் கொடுத்த விசித்திரம் வேறெந்த வணிக சரித்திரத்திலும் உண்டோ அறியோம். பேசுவார் இல்லை. 2007-ல் சுமார் 140 கோடி டாலரை அதன் பேரில் செலவெழுதி, 2009-ல் பெரும்பங்கை விற்று ஒதுங்கியது.

விடைகளில் இரண்டு மட்டும் சொல்லி மேலே செல்வோம். ‘பார்சலை அனுப்பிவிட்டீரா?’ என்றால் ‘மாமியார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்’ என்பது உற்றது உரைத்தல். ‘நாளை தபாலாபீசு விடுமுறை’ என்பது உறுவது கூறல். வாங்குபவர் கேள்வியை எழுதி முடிக்குமுன்பே, விற்பவர் தூங்கும் வேளையில் கடையே எடுத்து நீட்டுகின்ற முன்கூட்டிச் சமைத்த விடைக்கு மட்டும் நன்னூலில் இடமில்லை. ஒன்பதாவதாக ஒன்றைச் சேர்க்கப் பிற்காலத்தார் முன்வருவாராக.

வியவகாரம் முடிந்தபின் ஒருவரைப் பற்றி மற்றவர் எழுதும் அபிப்பிராயம் 1996 பிப்ரவரியில் ஏற்பட்டது; நெடுங்காலம் 80 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. 2008 மே மாதம் முதல், வாங்குபவரைப் பற்றி விற்பவர் நல்லதை மட்டுமே எழுதலாம், இல்லையேல் எழுதாதிருக்கலாம் என்றாயிற்று. வேறு சொல்லுக்கு வழியில்லாத இடத்தில் ‘ஏ’ என்று தொடங்கிக் கூட்டற்குறிகளை அடுக்கும் வழக்கம் பெருகியதில் ஆச்சரியமில்லை. ‘ஏ’ ஒன்றும் கூட்டல் ஒன்றும் போட்டாலே மதிப்பு நிறைந்துவிடுகிறபடியால், எஞ்சிய ஆறு கூட்டலும் ஓசை குறையாத இடத்தும் இனிமை கருதி நீளுகிற இன்னிசை அளபெடையென்றே யாம் கொள்கிறோம். இடம் மீந்ததால் வந்தவை என்பாரும் உளர்.