தொண்டையும் தொட்டிலும்

கேள்வி: தொண்டை நோவுக்கு டொக்டர் அமொக்சிசிலின் தந்தார். நான் மிதுரிக் கருத்தடைக் குளிசை பாவிக்கிறேன். தொண்டை சுகமாகித் தொட்டில் கட்ட வேண்டி வருமோ?
– வாசகி, ஆலையடிவேம்பு

பதில்: தொண்டைக்குப் போட்ட குளிசை தொட்டில் கட்டாது, தங்கச்சி! மிதுரியோடு மல்லுக்கு நிற்பது வேறொன்று: காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின். அது ஈரலை முடுக்கி, மிதுரியின் ஹோர்மோனை வேளைக்கே கரைத்துவிடும். நிறுத்திய பிறகும் நாலு கிழமைக்கு அந்த வேகம் அடங்காது. ஜெர்மனியில் 1971இலேயே இதைக் கண்டுவிட்டார்கள். அது ஒன்று செய்த வேலைக்கு அமொக்சிசிலின் உட்பட அன்ரிபயோட்டிக் எல்லாவற்றுக்கும் பழியா? பிரிட்டன் வைத்தியர்கள் அந்தப் பழியை 2011இல்தான் இறக்கி வைத்தார்கள்.

அமொக்சிசிலின் வயிற்றைப் பிரட்டி, மிதுரி போட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் வாந்தி வந்தால் மட்டும் உடனே இன்னொன்று போடுங்கள். காசநோய் மருந்து தொடங்குகிறவர்கள் மிதுரிக்காக அந்த மருந்தை நிறுத்தவே கூடாது. குடும்பநல உத்தியோகத்தரிடம் வேறு கருத்தடை முறை கேளுங்கள்.