அரைக்கால் பைசா

மாமா காருக்கு டயர் மாற்றப்போகிறார் என்ற செய்தி 2025 பங்குனியில் வெளியானது. ஐப்பசி வரைக்கும் அது செய்தியாகவே இருந்தது.

எந்த மாமா, யார் வழி மாமா என்றெல்லாம் கேட்டு என் வீட்டில் குழப்பம் உண்டாக்க வேண்டாம். வகுத்துப் பார்க்கும் மாமா. உங்கள் வீட்டிலும் இருக்கிறார். செருப்பு வாங்கினால் விலையை மாதத்தால் வகுப்பார். கல்யாணத்துக்குப் போனால் மண்டப வாடகையை இலையால் வகுப்பார். சப்பட்டை மாம்பழம் வாங்கினால், தின்று முடித்த கொட்டையைக் கழுவித் துடைத்துத் தராசில் வைத்து, சதைக்கு மட்டும் கிலோ என்ன விலை விழுந்தது என்று அறிவிப்பார். நாக்கில் இருந்த ருசி அதைக் கேட்டதும் எழுந்து போய்விடும்.

இந்த வியாதி மில்லில் பிடித்தது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். நூலுக்குக் கவுண்ட் பார்ப்பதே வகுத்தல் கணக்குத்தான். ஒரு ராத்தல் நூலில் 840 கஜச் சிட்டம் எத்தனை தேறுகிறதோ அதுதான் நம்பர். நாற்பது தேறினால் நாற்பதாம் நம்பர் நூல். நீளத்தையும் எடையையும் வகுத்து வகுத்தே சம்பளம் வாங்கியவர், ரிட்டயர் ஆன பிறகு சும்மா இருப்பாரா? எதிரே வந்ததையெல்லாம் வகுத்தார். எதிரே அதிகம் வந்தவன் நான்.

கார் 2016இல் வாங்கியது. அதோடு வந்த டயர்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. பக்கவாட்டில் 3516 என்று பொறித்திருக்கும். 2016ஆம் வருஷத்தின் முப்பத்தைந்தாவது வாரம் தயாரானது என்று அதற்கு அர்த்தம். மாமா அதை மாடல் நம்பர் என்று நினைத்திருந்தார். ஒருநாள் காற்றுப் பிடிக்கிற பையன், "சார், டயருக்கு ஒம்பது வயசாகப் போகுது" என்றான். குனிந்து பார்த்தோம். பட்டன் தேய்ந்து, பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கிற அடையாள மேட்டுக்குச் சமமாக வந்திருந்தது. அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அதைத் தொட்டுவிட்டால் டயருக்குக் கருமாதி என்று அர்த்தம். பக்கவாட்டு ரப்பரில், பாட்டிமார் குதிகாலில் இருக்குமே பித்தவெடிப்பு, அதுமாதிரி கோடுகோடாய் விரிசல்.

வேறு மனிதராக இருந்தால் மறுநாளே மாற்றியிருப்பார். மாமா ஒரு நோட்டு வாங்கினார்.

தென்காசி ரோட்டில் ஒரு கடையில் விலை கேட்டோம். சாதா டயர் ஒன்று 4,500 ரூபாய், முப்பத்தைந்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். உசத்தி டயர் 7,000 ரூபாய், ஐம்பத்தைந்தாயிரம் ஓடுமாம். மாமா கடைவாசலில் நின்றபடியே போனில் தட்டினார். சாதா டயர் கிலோமீட்டருக்கு 12.857 பைசா. உசத்தி டயர் 12.727 பைசா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "மாப்ள, இது பன்னிரண்டே முக்காலே அரைக்கால். அது பன்னிரண்டே முக்கால். அரைக்கால் பைசா வித்தியாசம்!" என்றார். முக்கால், அரைக்கால், மாகாணி, வீசம் என்று வாய் நிறையச் சொல்லத் தெரிந்த கடைசி மனிதர் எங்கள் தெருவில் அவர்தான். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று.

2011 ஜூன் கடைசியோடு நாலணாவே செல்லாது என்று ஆகிப்போன நாட்டில், ஒருவர் எட்டில் ஒரு பைசாவைக் கையில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் உறக்கமில்லாமல் கிடந்தார்.

"லாபம் உசத்தியிலதான். ஆனா நாலு டயருக்குப் பத்தாயிரம் கூடுதலா முன்னாடியே குடுக்கணுமே. அந்தப் பத்தாயிரத்தை பேங்குல போட்டா வட்டி வருமில்ல?" என்றார். வட்டியைச் சேர்த்தால் சாதா ஜெயித்தது. சாதாவை இரண்டு தடவை மாட்டும்போது அலைன்மெண்ட், பேலன்சிங் கூலியும் இரண்டு தடவை ஆகிறதே என்று நான் வாயை விட்டேன். உசத்தி ஜெயித்தது. அன்று ராத்திரி பத்தரைக்கு போன். "கூலியும் வருஷா வருஷம் ஏறும்ல மாப்ள, அதை எத்தனை சதவீதம் வச்சுக்கலாம்?"

பிறகு யாரோ ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டயருக்கு ஐம்பது ரூபாய் குறைவு என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் நன்றாக இருக்கட்டும். போக வர இருபத்து நாலு கிலோமீட்டர். நாலு டயருக்கு இருநூறு மிச்சம், பெட்ரோல் நூற்றறுபது. நிகர லாபம் நாற்பது ரூபாய் என்று எழுதிக்கொண்டு புறப்பட்டார். அங்கே போனதும், வந்தது வந்தோம் என்று ஆண்டாளைச் சேவித்தார். சேவித்தது சேவித்தோம் என்று அரைக் கிலோ பால்கோவா வாங்கினார். இப்படி ஏழு சனிக்கிழமை. ஒரு டயரும் வாங்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு சுற்றுப் பெருத்தோம்.

டிக்கியில் கிடந்த ஸ்டெப்னிதான் அவரை முதன்முதலாகக் கவிழ்த்தது. ஸ்டெப்னி என்று நாம் சொல்கிற சொல்லே ஒரு தெருவின் பெயர். வேல்ஸில் லனெல்லி என்கிற ஊரில், ஸ்டெப்னி தெருவில், 1904 வாக்கில் டேவிஸ் சகோதரர்கள் இந்த உபரிச் சக்கரத்தைச் செய்து விற்றார்கள். அந்தப் பேர் அங்கே மறைந்து, நம்மூர் பங்க்சர் கடைகளில் சிரஞ்சீவியாக இருக்கிறது. மாமாவின் ஸ்டெப்னி இன்றுவரை தரையைத் தொட்டதில்லை. டயர் விலை 4,500. ஓடிய தூரம் பூஜ்யம். வகுத்தார். போன் 'பிழை' என்றது. என் போனை வாங்கிப் பார்த்தார். அதுவும் அதையே சொன்னது. "அப்ப இதோட அடக்கவிலை என்னதான்யா?" என்று டிக்கிக்குள் தலையை விட்டபடி கேட்டார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சீட் கவர், ஸ்டியரிங் உறை, கண்ணாடியில் தொங்குகிற எலுமிச்சம்பழம் ஆகியவற்றை அவர் வகுத்ததே இல்லை. ஏன் என்று தெரியாது. வீட்டில் வெள்ளை ராஜபாளையம் நாய் ஒன்று உண்டு. சாதா, உசத்தி என்று பேதம் பார்க்காமல் எல்லா டயருக்கும் ஒரே மரியாதை செய்துவருகிற ஜீவன் அது ஒன்றுதான்.

ஆகஸ்டில் ஜிஎஸ்டி குறையப்போகிறது என்று பேச்சு வந்தது. மாமாவுக்கு அது வரம். டயரைத் தள்ளிப்போட அரசாங்கமே காரணம் கொடுத்துவிட்டதே. செப்டம்பர் 22ஆம் தேதி வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆயிற்று. மாமா புது நோட்டு எடுத்தார். 4,500 ரூபாய் டயர் 4,148 ஆனது. 7,000 ரூபாய் டயர் 6,453. மறுபடி வகுத்தார். 11.85. 11.73. அரைக்கால் பைசா அங்கேயே, அதே இடத்தில், கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "மாமா, வருஷத்துக்கு நீங்க எவ்வளவு ஓட்டுறீங்க?" என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர், சீசனுக்குக் குற்றாலம், எப்போதாவது மதுரை. நாலாயிரம் தாண்டாது. "அப்ப ஐம்பத்தைந்தாயிரம் ஓட்டப் பதிமூணே முக்கால் வருஷம் ஆகும். ரப்பர் அவ்வளவு நாள் தாங்காது. ஆறு வருஷத்துல மாத்திரணும்கிறாங்க சிலர், பத்துக்கு மேல கூடவே கூடாதுங்கிறாங்க எல்லாரும். வெயில்ல ரப்பர் காய்ஞ்சு கெட்டியாயிரும். ஓடாத கிலோமீட்டரால வகுத்து என்ன பிரயோசனம்?"

மாமா அப்படியே நின்றார். இத்தனை மாத வகுத்தலில் அவர் தவறே செய்யவில்லை. அடியில் இருந்த எண்தான் தப்பு. ஆறு வருஷத்துக்கு இருபத்து நாலாயிரம் என்று போட்டுப் பார்த்தார். சாதா பதினேழேகால் பைசா, உசத்தி இருபத்தாறே முக்காலே அரைக்கால். "சாதாதான் மாப்ள! சந்தேகமே இல்ல!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் கடைக்காரர் கெடுத்தார். "சார், நீங்க தேய்மானத்தை மட்டும் பார்க்கீங்க. மெத்துனு இருக்கிற ரப்பர் ரோட்டைப் பிடிக்கும், ஆனா சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் உழைக்கும், மழையில வழுக்கும். உசத்தி டயர்ல சிலிக்கா கலந்து ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம் கொண்டு வர்றாங்க. காசு அதுக்குத்தான்."

"பிடிக்கு எத்தனை பைசா?" என்றார் மாமா.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மாமா ஓட்டினார், நான் பக்கத்தில், அத்தையும் ஏழு வயசுப் பேத்தியும் பின்னால். மடவார்வளாகம் தாண்டியிருப்போம். முன்னால் பேண்டேஜ் துணி ஏற்றிய லோடு ஆட்டோ சட்டென்று நின்றது. மாமா பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. சக்கரம் நின்றுவிட்டது போலவும் ரோடுதான் எங்களுக்கு அடியில் ஓடுவது போலவும் இருந்தது. பால்கோவா டப்பா என் மடியிலிருந்து கண்ணாடிக்குப் போய் மோதியது. ஆட்டோவின் பின்கதவில் எழுதியிருந்த 'அன்னையின் ஆசி' என்பதில் ஒவ்வோர் எழுத்தையும் நான் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். ஒரு முழம் மிச்சம் வைத்து வண்டி நின்றது.

இந்த இடத்தில் எனக்கு வேடிக்கை வரவில்லை. ஒரு டயர் ரோட்டைத் தொடுகிற இடம் ஓர் உள்ளங்கை அகலம்தான். நாலு உள்ளங்கையில் ஒரு குடும்பம் உட்கார்ந்து போகிறது. பட்டனுக்கு நடுவே இருக்கிற பள்ளம் அழகுக்கு இல்லை. மழைத்தண்ணீர் அது வழியாகத்தான் வெளியேற வேண்டும். பள்ளம் இல்லையென்றால் தண்ணீர் வண்டியைத் தூக்கிவிடும். சாதா டயரா உசத்தி டயரா என்று எட்டு மாதம் தராசு பிடித்த மனிதர், அந்த எட்டு மாதமும் இரண்டையும்விடக் கேடுகெட்ட மூன்றாவது டயரில் பேத்தியை ஏற்றிக்கொண்டு அலைந்தார். கடையிலே இருந்ததில் மலிவானதை அன்றைக்கே மாட்டியிருந்தாலும் இந்த மொட்டைக்கு அது எத்தனையோ தேவலை. இதை அவரிடம் நான் சத்தமாகவே சொன்னேன். அவர் வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தைதான் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னது. "ஆண்டாள் தேரு மரச்சக்கரமா இருந்த காலத்துல நிலைக்கு வர நாள்கணக்காகும். நான் சின்னப்பிள்ளையில பாத்திருக்கேன். இப்ப இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக்கு. நாலு ரத வீதி சுத்தி அன்னைக்கே வந்துருது. வருஷத்துக்கு ஒருநா ஆடிப்பூரத்துக்கு ஓடுற தேருக்கே சக்கரத்தை மாத்தியாச்சு. நீங்க எப்ப மாத்தப்போறீக?"

திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போது மாமா வாசலில் நின்றார். சாதா இரண்டு, உசத்தி இரண்டு வாங்கினார். எனக்குத் தலை சுற்றியது. கடைக்காரருக்குச் சுற்றவில்லை; அவர் இப்படி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறார். ஒரே அச்சில் இரண்டையும் கலக்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக நின்றார். நல்ல ஜோடி முன்னாலா பின்னாலா என்று முக்கால் மணி நேரம் பேச்சு. இழுக்கிறது முன்சக்கரம், திருப்புகிறது முன்சக்கரம், அதனால் முன்னால்தான் என்றார் மாமா. பின்பக்கம் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றும், சமாளிக்க முடியாது, அதனால் பின்னால்தான் என்றார் கடைக்காரர். கடைக்காரர் ஜெயித்தார். சராசரி கிலோமீட்டருக்கு எத்தனை என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னார்.

பழைய டயரைக் கடையில் கொடுத்தால் ஏதோ சொற்பம் தருவார்களாம். மனசு வரவில்லை. நாலையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் அடுக்கினார். டெங்கு ஒழிப்புக்கு வந்த ஆட்கள் பார்த்துச் சத்தம் போட்டதும் மூன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். நாலாவதில் அடியில் ஓட்டை போட்டு, மாமரத்தில் கயிறு கட்டி, பேத்திக்கு ஊஞ்சல் ஆக்கிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். பேத்தி உள்ளே உட்கார்ந்து கால்களை வெளியே நீட்டியிருந்தது. மாமா பின்னாலிருந்து ஆட்டிவிட்டபடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "மாமா, என்ன ஸ்லோகமா?" என்று கேட்டேன்.

"அட போய்யா! நானூத்திப் பதினொண்ணுல இருந்தேன்!" என்று வள்ளென்று விழுந்தார்.