சேலத்துக்கு மணி சொன்னவர்கள்

சேலம் சீமையில் ஒரு காலத்தில் கெடியாரம் என்பது அவரவர் நிழல்தான். வெயிலில் நின்று காலடியால் அதை அளந்து, "உச்சிக்கு இன்னும் ரெண்டு நாழிகை கிடக்குதுங்க" என்பார்கள். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். ஒரு நாழிகை முன்னே பின்னே போனால் குடி முழுகிவிடாது. மேகம் மூடிய நாளில் நேரமே கிடையாது. அன்று ஒருவரும் தாமதமாக வந்ததாக வரலாறில்லை.

வம்பு ரயிலேறி வந்தது. 1862ல் மதராஸ் ரயில்வே சேலம் வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூரைத் தொட்டது. ரயிலுக்கு மதராஸ் மணிதான் கணக்கு. சேலத்தில் சூரியன் எட்டு நிமிடம் பிந்தி உதிக்கிறதே என்றால், அது சூரியனின் பிழை. 1906 ஜனவரி 1ல் மிர்சாப்பூர்ப் பக்கத்துத் தீர்க்கரேகை பொது நேரமாக வந்தது. நம்மூர்ச் சூரியன் பதினேழு நிமிடம் பிந்திப் போனான். உலகப் போரில், 1942 செப்டம்பரில், சர்க்கார் முள்ளை இன்னும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. 1945 அக்டோபர் வரை இங்கே உச்சிப்பொழுது ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. ஜப்பான்காரன் வந்திருந்தாலும் மத்தியானச் சாப்பாட்டை இவ்வளவு தள்ளிப்போட்டிருக்க மாட்டான்.

1961ல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தயாரிக்கத் தொடங்கியதும் நேரம் மாப்பிள்ளைச் சீரில் சேர்ந்துகொண்டது. காலையில் சாவி கொடுப்பது ஒரு பூஜை. யாரும் மணி கேட்காவிட்டாலும் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொள்வது அதன் தீபாராதனை. பிறகு ஓசூரில் டைட்டன் வந்தது. 1965 வரை ஓசூர் சேலம் ஜில்லாதான். பாகம் பிரிந்துபோன பங்காளி வாட்ச் செய்ய, நாம் காசு கொடுத்து வாங்கினோம்.

இப்போது செல்போன். மணி பார்க்க எடுத்து, நாமக்கல் முட்டை விலையைப் பார்த்து, பையில் போட்ட பிறகு மணி ஞாபகம் வந்து மறுபடி எடுக்கிறோம். சேவல் எழுப்புமே என்றால், முட்டைப் பண்ணையில் இருப்பதெல்லாம் பெட்டை, கூவ ஆளில்லை.

நிழல், ரயில், சர்க்கார், வாட்ச், செல்போன் என எல்லோரும் மணி சொல்லியாயிற்று. ஆனால் நிமிடத்தின் மதிப்பு தெரிந்தவர் தனியார் பஸ் கண்டக்டர் ஒருவரே. பின்னால் வரும் பஸ்ஸுக்கு இரண்டு நிமிடம் விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும். சரியான மணி வேண்டுமா? பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரைக் கேளுங்கள்.